கார் கண்ணாடிக்கு சன் ஃபிலிம்... டோர் பேடைக் கழற்றணுமா, வேண்டாமா?

"அண்ணே, நாலு டோர் பேடையும் கழட்டிட்டு ஒட்டிடலாமா? அப்பதான் ஃபினிஷிங் பக்காவா வரும்!"

காருக்கு சன் ஃபிலிம் ஒட்டப் போனவர்களில் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். சில கடைகளில் கேட்கக்கூட மாட்டார்கள். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கதவு எலும்புக்கூடாக நிற்கும். இன்னொரு கடையில் போய்க் கேட்டால், "கழட்டவே கூடாது சார், கழட்டுறவனுக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்" என்பார்கள். இதில் யார் சொல்வது சரி?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது என் சித்தப்பா காரில் இருந்து. பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றை ஒட்டி இருக்கும் குருவிநத்தம்தான் அவர் ஊர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளை கார். மாசத்துக்கு ரெண்டு தடவை எங்கள் ஆயாவை ஜிப்மருக்கு செக்கப் கூட்டிப் போவதுதான் அந்தக் காரின் முக்கிய வேலை. ஆயாவுக்கு வெயில் ஆகாது. ஏசி ஓடினாலும் ஜன்னல் வழியாக முகத்தில் வெயில் அடித்தால் தலைசுற்றல் வந்துவிடும். போன வருஷம் சித்திரை வெயிலில் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, ஆயாவை மரத்தடியில் உட்கார வைத்து, தண்ணீர் தெளிக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த நாளே சித்தப்பா சன் ஃபிலிம் ஒட்டக் கிளம்பிவிட்டார்.

கடையில் நாலு டோர் பேடையும் கழற்றித்தான் ஒட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே மாசத்தில், எல்லை தாண்டும்போது போலீஸ் நிறுத்தி அபராதம் போட்டு, ஃபிலிமை அங்கேயே கிழிக்கச் சொல்லிவிட்டார்கள். சரி, காசு போனால் போகட்டும் என்று விட்டார். ஆனால், கதவு மட்டும் ஒவ்வொரு பள்ளத்திலும் 'கடகட'வென்று பேச ஆரம்பித்தது. ஐப்பசி மழை வந்ததும் முன்பக்க மேட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, கார் முழுக்க ஈரக் கோணிப்பை வாசனை. "ஃபிலிம் போயிடுச்சு தம்பி. சத்தமும் நாத்தமும் மட்டும் மிச்சம்" என்றார் சித்தப்பா.

ஒரு ஃபிலிம் ஒட்டியதற்கும் மழைத் தண்ணீர் உள்ளே வந்ததற்கும் என்ன சம்பந்தம்? அதைப் புரிந்துகொண்டால், கழற்றலாமா வேண்டாமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

கதவுக்குள்ள என்ன இருக்கு?

உங்கள் கார் கதவை ஒரு சாண்ட்விச்சாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. உள்ளே இன்னொரு இரும்புத் தகடு. நடுவில் காலி இடம். அந்த இடத்துக்குள்தான் கண்ணாடி இறங்கி ஏறுகிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார், லாக், வயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். இதற்கு மேல், நாம் கை வைத்துக்கொள்ளும் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு மூடி இருக்கிறது அல்லவா, அதுதான் டோர் பேட். சில ஸ்க்ரூக்களும், ஓரத்தில் வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டு விஷயங்களை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பீடிங். கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என ரப்பர் பட்டை இருக்கும். உள்பக்கப் பட்டையில் வெல்வெட் மாதிரி ஒரு துணி ஒட்டியிருக்கும். நிறைய கார்களில் இந்த உள் பீடிங் டோர் பேடோடு சேர்ந்தே வரும்.

இரண்டாவது, டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட். பார்த்தால் பால் கவர் மாதிரி சாதாரணமாக இருக்கும். கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பசையால் உள் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். இதைத்தான் பலர் "கம்பெனியில் ஒட்டின கவர், வேஸ்ட்" என்று நினைத்துக் கிழித்துவிடுகிறார்கள்.

உண்மையில், மழை பெய்யும்போது வெளி பீடிங்கைத் தாண்டி கதவுக்குள் தண்ணீர் போகும். போகத்தான் செய்யும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் கண்ணாடி வழியாக வழிந்து, கதவின் அடியில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். அந்தத் தண்ணீர் காருக்குள் தெறிக்காமல் தடுப்பதுதான் இந்த பிளாஸ்டிக் ஷீட்டின் வேலை. அது கிழிந்தால், அல்லது பசை விட்டுப்போனால், தண்ணீர் டோர் பேடின் பின்பக்கமாக வழிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சித்தப்பா காரில் நடந்தது இதுதான். ஃபிலிம் ஒட்டியவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஷீட்டை பிளேடால் கீறிவிட்டு, அப்படியே பேடை மாட்டிவிட்டார். கோடையில் ஒன்றும் தெரியவில்லை. மழை வந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஃபிலிம் எப்படி ஒட்டுறாங்க?

சன் ஃபிலிம் எப்போதும் கண்ணாடியின் உள்பக்கம்தான் ஒட்டப்படும். முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை அதன் மேல் விரித்து, அளவெடுத்து வெட்டுவார்கள். கண்ணாடி வளைவாக இருந்தால் ஹீட் கன்னால் சூடு காட்டி ஃபிலிமை அந்த வளைவுக்குப் படிய வைப்பார்கள்.

பிறகு உள்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, சில துளிகள் பேபி ஷாம்பூ கலந்த தண்ணீரை அடிப்பார்கள். ஷாம்பூ தண்ணீர் எதற்கு? ஃபிலிமின் பசை உடனே பிடித்துக்கொள்ளாமல், நகர்த்தி சரிசெய்ய வசதியாக இருக்கும். கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, மேல் ஓரத்தை முதலில் ஒட்டி, மறுபடி மேலே ஏற்றி, கீழ் ஓரத்தை உள் பீடிங்குக்கு உள்ளே சில மில்லிமீட்டர் இறங்கும்படி செருகுவார்கள். கடைசியாக ரப்பர் கட்டையால் உள்ளே இருக்கும் தண்ணீரையெல்லாம் வழித்து எடுப்பார்கள்.

மொத்த வேலையில் சிக்கலான இடம் இந்தக் கீழ் ஓரம்தான். டோர் பேடைக் கழற்றலாமா என்ற சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது.

'கழற்றணும்' என்பவர்கள் சொல்வது

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெல்வெட் துணி ஒட்டிய பீடிங் என்பது ஒரு தூசித் தொட்டி. அதிலும் பாகூர் பக்கம் கேட்கவே வேண்டாம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் அது. அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் தூசு பறக்கும். அத்தனையும் அந்தப் பீடிங்கில்தான் போய்ச் சேரும். ஷாம்பூ தண்ணீர் பட்டதும் அந்தத் தூசி மிதந்து வந்து, ஃபிலிமின் கீழ் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அந்த இடத்தில் மணல் மணலாகத் தெரியும். நாளாக நாளாக அங்கிருந்துதான் ஃபிலிம் உரியத் தொடங்கும்.

டோர் பேடைக் கழற்றினால், அதோடு சேர்ந்து பீடிங்கும் போய்விடும். கண்ணாடியின் அடிப்பகுதி வரை கை போகும். நன்றாகத் துடைக்கலாம். ஃபிலிமை இன்னும் கீழே இறக்கி ஒட்டலாம். பவர் விண்டோ ஸ்விட்ச் மேல் தண்ணீர் சொட்டும் பயமும் இல்லை. ஏனென்றால், ஸ்விட்ச்சே அங்கு இருக்காது.

'கழற்றக் கூடாது' என்பவர்கள் சொல்வது

இவர்கள் சொல்வதில் இன்னும் அதிக நியாயம் இருக்கிறது.

ஒன்று, கிளிப். டோர் பேடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலிலும் வயதிலும் விறைத்துப் போயிருக்கும். இழுத்தால் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். சிலர் உடைந்ததை மாற்றாமல் அப்படியே மாட்டிவிடுவார்கள். 'கடகட' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டு, மேலே சொன்ன பிளாஸ்டிக் ஷீட். டோர் பேடை மட்டும் கழற்றும்போது அதைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. அவசரப்படுகிறவர் கையில் மாட்டினால்தான் பிரச்னை.

மூன்று, வயர். இப்போது வரும் கார்களில் டோர் பேடுக்குள் பவர் விண்டோ ஸ்விட்ச், சைடு மிரர் ஸ்விட்ச், ஸ்பீக்கர், லைட் என்று ஏகப்பட்ட கனெக்‌ஷன்கள். சில மாடல்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கும் ஏர்பேக் சென்சாரும் கதவுக்குள் இருக்கும். அந்த கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, சும்மா சாவியைத் திருகிப் பார்த்தால் ஏர்பேக் லைட் எரிந்து, சர்வீஸ் சென்டர் போனால்தான் அணையும் என்ற நிலை வரலாம்.

நான்கு, வாரன்டி. புது காரில் வெளி ஆள் டோர் பேடைக் கழற்றியது தெரிந்தால், நாளைக்கு பவர் விண்டோ கோளாறு என்று போகும்போது பேச்சு நீளும்.

அப்போ என்னதான் பண்றது?

நேரடி பதில்: பெரும்பாலான கார்களுக்கு டோர் பேடைக் கழற்றத் தேவையில்லை. அனுபவமுள்ளவர், கழற்றாமலே சுத்தமாக ஒட்டிவிடுவார். அதற்கு வழிகள் இருக்கின்றன.

முதலில் கண்ணாடியை முழுசாக இறக்கி ஏற்றி, பீடிங்குக்குள் தண்ணீர் அடித்து, மெல்லிய துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பட்டையால் உள்ளே இருக்கும் தூசியை இழுத்து எடுக்க வேண்டும். ஒரு தடவை போதாது, துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். அடுத்து, டோர் பேட் மேல் தடியான டவலை விரித்து ஸ்விட்ச்சை மூட வேண்டும். ஃபிலிமின் கீழ் ஓரத்தைச் செருகும்போது, பிளாஸ்டிக் அட்டையால் பீடிங்கை லேசாக விலக்கிப் பிடித்தால் போதும். ஃபிலிம் பீடிங்கில் உரசாமல் உள்ளே இறங்கிவிடும். பீடிங் தனியாக வரும் மாடல் என்றால், பேடை விட்டுவிட்டு அதை மட்டும் மெதுவாக உருவிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டலாம்.

"கதவுக்குள் ஷாம்பூ தண்ணீர் போகுதே, துரு பிடிக்காதா?" என்று பயப்பட வேண்டாம். மழைத் தண்ணீர் போகும் அதே வழிதான். கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் சேறு அடைக்காமல் இருந்தால் தண்ணீர் வெளியேறிவிடும். கதவைத் திறந்து அந்த ஓட்டைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். வயல்வெளி ரோட்டில் ஓடும் காருக்கு இதை மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை செய்வது நல்லது.

எப்போது கழற்றலாம்?

சில நேரங்களில் கழற்றுவதுதான் சரி.

• பழைய ஃபிலிமை உரித்த பிறகு, பசை பீடிங்குக்குக் கீழேயும் ஒட்டியிருந்தால். அதைச் சுத்தம் செய்யாமல் புதிய ஃபிலிம் ஒட்டினால் ஓரம் நிற்காது.

• பீடிங் கண்ணாடியோடு இறுக்கமாக ஒட்டியிருந்து, அட்டைகூட நுழையாத மாடலாக இருந்தால்.

• ஸ்பீக்கர் மாற்றவோ, பவர் விண்டோ மோட்டார் பார்க்கவோ எப்படியும் கதவைத் திறக்கப் போகிறீர்கள் என்றால். இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். ஒரே பேடை ரெண்டு தடவை கழற்ற வேண்டாம்.

• பீடிங்கே கிழிந்து, மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால்.

கழற்றுவதாக முடிவானால், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஃபோனைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள். சாவி ஆஃபில் இருக்க வேண்டும். கைப்பிடிக்குள்ளும் ஆர்ம்ரெஸ்ட்டுக்குள்ளும் மூடி போட்டு மறைத்திருக்கும் ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றிய பிறகுதான் பேடை இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். அதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல் இருக்கிறது, அதைக் கேளுங்கள். உடையும் கிளிப்புக்குப் பதில் போட உங்கள் மாடலின் புது கிளிப்புகள் கையில் இருக்கிறதா என்று தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை உரிக்க வேண்டியிருந்தால், பசையோடு மெதுவாக உரித்து, அதே இடத்தில் அழுத்தி ஒட்ட வேண்டும். பிளேடு அந்தப் பக்கமே வரக் கூடாது.

எல்லாம் மாட்டியதும், கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு மூன்று சோதனை: நாலு கண்ணாடியையும் லாக்கையும் ஸ்பீக்கரையும் இயக்கிப் பாருங்கள். டோர் பேடை உள்ளங்கையால் ஓரம் முழுக்கத் தட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடக் கூடாது. கதவை மூடி, வெளியே கண்ணாடி மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து, உள்பக்கம் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இந்த வாளித் தண்ணீர் சோதனையை சித்தப்பா அன்றைக்குச் செய்திருந்தால், மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

ஒட்டிய பிறகு மூன்று முதல் ஐந்து நாள்கள் கண்ணாடியை இறக்காதீர்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதலாக விடுங்கள். உள்ளே சின்னச் சின்ன நீர்க்குமிழிகளும் மங்கலும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்ததும் போய்விடும். அமோனியா கலந்த கிளீனரால் துடைக்காதீர்கள். மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீரும் போதும்.

ஆனா, கேட்க வேண்டிய முதல் கேள்வி இது இல்ல!

சித்தப்பா கதையில் டோர் பேட் இரண்டாவது தப்புதான். முதல் தப்பு, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் ஃபிலிம் வாங்கியது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 100-வது விதிப்படி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவிகித வெளிச்சத்தையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவிகித வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். இதைத்தான் ஃபிலிம் கடைகளில் வி.எல்.டி. என்பார்கள். கறுப்புக் கண்ணாடி கார்களில் நடக்கும் குற்றங்களைச் சுட்டிக்காட்டி அவிஷேக் கோயங்கா என்பவர் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. எத்தனை சதவிகிதமாக இருந்தாலும் சரி, கண்ணாடி மேல் தனியாக ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. அந்த ஆண்டு மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ரோட்டோரம் நிறுத்தி போலீஸே ஃபிலிமைக் கிழித்த காட்சிகள் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

பிறகு விதி மாறியது. 2021 ஏப்ரல் 1 முதல், 'சேஃப்டி கிளாஸ்' மட்டுமின்றி 'சேஃப்டி கிளேஸிங்'கும் பொருத்தலாம் என்று 100-வது விதி திருத்தப்பட்டது. உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் இதில் அடங்கும். அது ஐ.எஸ். 2553 (பகுதி 2) தரத்தில் இருக்க வேண்டும், 70/50 அளவும் மாறாது. இதன் அடிப்படையில்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விதிக்கு உட்பட்ட அளவில் ஃபிலிம் ஒட்டியவர்களுக்கு அபராதம் போட முடியாது என்று தீர்ப்பளித்தது.

"அப்புறம் என்ன, ஒட்டிடலாம்ல?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். புதுச்சேரியும் தமிழ்நாடும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருபவை. கேரளத் தீர்ப்பை ஃபோனில் காட்டினால், உங்களை நிறுத்திய அதிகாரி அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று இல்லை. அதிலும் குருவிநத்தம் மாதிரி ஊர்களில் இருந்து கிளம்பினால், கொஞ்ச தூரத்திலேயே தமிழ்நாட்டு எல்லை. புதுச்சேரி பதிவெண், கறுப்புக் கண்ணாடி என்றால், மதுக் கடத்தலைத் தேடும் சோதனைச் சாவடியில் உங்கள் கார்தான் முதலில் ஓரங்கட்டப்படும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரையும், அடுத்தடுத்த தடவைக்கு 1,500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஃபிலிமுக்குக் கொடுத்த காசு தனி.

வெளிநாட்டிலும் இஷ்டத்துக்கு ஒட்ட முடியாது. சிங்கப்பூரில் முன் கண்ணாடிக்கும் முன்பக்க ஜன்னலுக்கும் 70 சதவிகிதம், பின்பக்கத்துக்கு 25 சதவிகிதம் என்று விதி. பிரிட்டனில் முன் கண்ணாடிக்கு 75, முன்பக்க ஜன்னலுக்கு 70. டிரைவர் வெளியே பார்ப்பதில் எந்த நாடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

'50% ஃபிலிம்'னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க

ஒரு சின்னக் கணக்கு. சித்தப்பாவுக்கு விற்றவர், "இது 50 பர்சென்ட் ஃபிலிம், லீகல்தான்" என்றுதான் சொன்னார். அவர் சொன்னது ஃபிலிமின் அளவு. சட்டம் பார்ப்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவு.

இன்றைய கார்களில் பக்கவாட்டுக் கண்ணாடி கம்பெனியில் இருந்தே லேசான பச்சையாகத்தான் வரும். அது 75 சதவிகித வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 சதவிகித ஃபிலிம் ஒட்டினால், 75-ல் பாதி, அதாவது 37.5 சதவிகிதம். சட்டம் கேட்கும் 50-க்குக் கீழே! அதே கண்ணாடியில் 70 சதவிகித ஃபிலிம் ஒட்டினால் 52.5 வரும். ஆக, பக்கவாட்டுக் கண்ணாடிக்கே 70-க்குக் குறைந்த ஃபிலிம் ரிஸ்க்தான். முன் கண்ணாடியில் சுத்தமாக இடமே இல்லை என்று சொல்லலாம்.

இன்னொரு விஷயம். ஃபிலிம் கறுப்பாக இருந்தால்தான் சூடு குறையும் என்பது தப்பான நம்பிக்கை. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில்தான் வருகிறது. சாயம் போட்ட மலிவான ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும், சூட்டை அந்த அளவுக்குக் குறைக்காது. செராமிக் ஃபிலிம், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அகச்சிவப்பை நன்றாகவே தடுக்கும். உலோகம் கலந்த ஃபிலிம் சூட்டைத் தடுக்கும், ஆனால் முன் கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேக், ஜி.பி.எஸ். சிக்னலுக்கு இடைஞ்சல் தரலாம். முன் கண்ணாடியில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அதுவே புறஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பின் கண்ணாடியில் கோடு கோடாக டீஃபாகர் இருந்தால், ஃபிலிமை உரிக்கும்போது அந்தக் கோடுகளும் சேர்ந்து வரலாம். ஜாக்கிரதை!

சித்தப்பா இப்ப என்ன பண்றார்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, சித்தப்பா மறுபடியும் ஃபிலிம் ஒட்டவில்லை. "மாசத்துக்கு நாலு தடவை எல்லை தாண்டுறேன். ஒவ்வொரு தடவையும் ஆயாவை வண்டியில வெச்சுக்கிட்டு போலீஸ்கிட்ட சட்டம் பேச முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகக் கதவைச் சரிசெய்தார். கிழிந்த ஷீட்டை எடுத்துவிட்டுப் புதிய ஷீட்டை வெட்டி, கறுப்புப் பசை டேப்பால் ஒட்டி, உடைந்த கிளிப்புகளை மாற்றினார். கார்ப்பெட்டைத் தூக்கி, மூன்று நாள் வெயிலில் காய வைத்தார். சத்தமும் போனது, நாற்றமும் போனது.

ஆயாவுக்கு அடிக்கும் வெயில்? அதற்கும் ஒரு வழி கிடைத்தது, காசே செலவில்லாமல்.

குருவிநத்தத்தில் இருந்து ஜிப்மர் வடக்கே இருக்கிறது. காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது சூரியன் கிழக்கில், அதாவது காரின் வலது பக்கம். மதியத்துக்கு மேல் தெற்கு நோக்கித் திரும்பும்போது சூரியன் மேற்கில். அதுவும் காரின் வலது பக்கம்தான்! ஆயா இத்தனை வருஷமாக உட்கார்ந்தது டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வலது ஜன்னல் ஓரம். போகும்போதும் வெயில், வரும்போதும் வெயில். இப்போது ஆயாவின் இடம் இடது பக்கம். மருத்துவமனையில் வண்டி நிற்கும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித்தாள் சன் ஷேடு. கிளம்புவதற்கு முன், நாலு கதவையும் இரண்டு நிமிஷம் திறந்துவைத்து வெப்பக் காற்றை வெளியேற்றிவிட்டு, அப்புறம்தான் ஏசி.

வெளியே 35 டிகிரி இருக்கும்போது, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். நின்றுகொண்டிருக்கும் காரில் எந்த ஃபிலிமாலும் இதை முழுசாகத் தடுக்க முடியாது. அதனால் குழந்தைகளையோ வயதானவர்களையோ, "இதோ வந்துடுறேன்" என்று சொல்லி மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உங்களுக்கு ஃபிலிம் கட்டாயம் தேவை என்றால் ஒட்டுங்கள். ஆனால், கடைக்காரரிடம் இந்த வரிசையில் கேளுங்கள்: என் கண்ணாடியோடு சேர்த்து எத்தனை சதவிகிதம் வரும், மீட்டர் வைத்து அளந்து காட்டுவீர்களா? ஐ.எஸ். தரச் சான்று இருக்கிறதா, பில்லில் எழுதித் தருவீர்களா? டோர் பேடைக் கழற்றாமல் ஒட்ட முடியுமா? கழற்றினால் கிளிப் உடைந்தால் யார் பொறுப்பு? இந்த நான்குக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுங்கள்.

போன வாரம் ஆயாவிடம், "இப்ப வெயில் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "வெயில் அப்படியேதாண்டா இருக்கு. நான்தான் தள்ளி உக்காந்துட்டேன்" என்றார்.